சித்தியின் கையில் கத்தி

மார்ச் 4, செவ்வாய்

கடையில் நல்ல கூட்டம். நாள் முழுக்க ஆட்டுத்தொடை வெட்டினேன். எலும்பு அறுக்கும் ரம்பத்தையும் நான்தான் ஓட்டினேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. வெட்டுகிற இடத்தில் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டுக்கு வந்தால்தான்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். குட்டி பின்னால் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "சித்தி, பசிக்குது."

வந்துவிட்டது. கத்தி திரும்புகிறது. அவள் கழுத்தில் இறங்குகிறது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுகூட என் கைக்குத் தெரிகிறது. தெரியாமல் என்ன, அதுதானே என் பிழைப்பு. மணிக்கட்டில் சூடாக ரத்தம் வழிவதைச் சத்தியமாக உணர்ந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் அப்படியே இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். கத்தியைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு "போ, வெளிய போ" என்றேன். குரல் எப்படி வந்ததோ, அவள் முகம் சுண்டிப்போய்விட்டது.

வெங்காயத்தைக் குப்பையில் கொட்டினேன். சாப்பாட்டுக்குக் கடையில் வாங்கிய ரொட்டி.

மார்ச் 5, புதன்

கத்திகள் எல்லாவற்றையும் பழைய துண்டில் சுற்றி அலமாரி உச்சியில் போட்டுவிட்டேன். "தேங்கா உடைக்கிற மாதிரி தக்காளிய உடைக்கணுமா இனிமே?" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது என்று இவரைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் மெக்கானிக்குக்கு விடிவு கிடையாது. போய்விட்டார். வீட்டில் நானும் குட்டியும் மட்டும்.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். இவர் திரும்பி வருகிற வரை வெளியே வரவில்லை. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் அவளைச் சுவரில் மோதுகிறேன். திறந்தால் வாளித் தண்ணீரில் அவள் தலையை அமுக்குகிறேன். கத்தியை ஒளித்து என்ன பிரயோஜனம்? கையை எங்கே ஒளிப்பது?

கதவுக்கு வெளியே அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். "வயிறு சரியில்லையா சித்தி? அப்பா வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன், பயப்படாதீங்க." கதவிடுக்கு வழியாக ஒரு படம் வந்தது. ஒரு பெரிய பொம்மை, ஒரு சின்னப் பொம்மை, இரண்டுக்கும் ஒரே மாதிரி சடை.

அவளுக்கு எட்டு வயது. அவள் அம்மா நோயில் போய்ச் சேர்ந்தபோது ஐந்து. நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இதை யாரிடம் சொல்வது? ஊர் வாயில் சித்தி என்கிற சொல்லுக்கே கோரைப்பல் உண்டு. பெற்றவளுக்கு இப்படித் தோன்றினால் ஐயோ பாவம், உடம்பு சரியில்லை என்பார்கள். எனக்குத் தோன்றினால்?

மார்ச் 15, சனி

அவளுக்குத் தலை பின்னும்போது என்னையே வேவு பார்க்கிறேன். இந்தக் கழுத்தைப் பார்த்தால் எனக்கு ஆசை வருகிறதா? வெறுப்பு வருகிறதா? நெஞ்சு படபடப்பது பயத்தாலா, இல்லை... இல்லை என்றால் என்ன?

பிள்ளையைக் கொன்ற ஒருத்தியைப் பற்றிச் செய்தியில் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன்.

"ஏங்க, நான் கெட்டவளா?" என்று இவரைக் கேட்டேன்.

"பைத்தியமா உனக்கு? ஒரு எறும்பக்கூட நசுக்கமாட்டியே நீ."

"தினமும் ஆட்ட வெட்றேனே."

"அது சம்பளத்துக்கு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் நிம்மதி பல் தேய்த்து முடிக்கிற வரைக்கும்தான் தாங்கியது.

மார்ச் 22, சனி

கடையின் குளிர் அறைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தேன். மீனக்கா பார்த்துவிட்டாள். பக்கத்து மேடையில் மீன் வெட்டுவதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவளுக்கே மறந்துபோயிருக்கும்.

"என்னடி, ஆட்டுக்காக அழறியா?"

எல்லாவற்றையும் சொல்லவில்லை. கெட்ட கெட்ட நினைப்பு வருகிறது, நிறுத்த முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். அவளுடைய ஓரகத்தி மகளுக்கும் இப்படி ஏதோ இருந்ததாம். தோல் உரிகிற வரைக்கும் கை கழுவுவாளாம். ஒரு டாக்டரம்மா சரியாக்கினாளாம்.

"எனக்குக் கை கழுவுற வியாதி இல்லக்கா."

"நான் உன் கையப் பாத்தா சொல்றேன்? மூஞ்சியப் பாத்து சொல்றேன்."

ஃபோன் நம்பரை என் ஃபோனில் அவளே போட்டுவிட்டாள். இப்போது திரையெல்லாம் செதில்.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன். வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். கழுத்து, சுவர், வாளி, ஒன்று விடாமல். சொல்லி முடித்ததும் டாக்டரம்மா மணியடித்து போலீஸைக் கூப்பிடுவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நினைப்பு வந்ததும் நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

கத்தியை ஒளித்தது, குளியலறை, செய்தி, கண்ணாடி, இவரைக் கேட்டுக் கேட்டு நச்சரிப்பது, எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொள்வதுபோல் அத்தனை சாதாரணமாக.

இதற்குப் பெயர் ஓ.சி.டி.யாம். சிலருக்குக் கிருமி, சிலருக்குப் பூட்டு, எனக்குக் கத்தி. "எல்லார் தலைக்குள்ளயும் இந்த மாதிரி குப்பை வந்து போகும். மத்தவங்க ச்சீன்னு தட்டிவிட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்க அதப் பிடிச்சு வச்சு விசாரணை பண்றீங்க. உயிரையே யார் மேல வச்சிருக்கீங்களோ, அங்கதான் அது போய் நிக்கும்."

"அப்ப நான் செஞ்சிடமாட்டேன்தானே டாக்டர்?"

"எனக்குத் தெரிஞ்சத இப்பதான் சொன்னேன். இனிமே இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லமாட்டேன். வீட்லயும் யாரும் சொல்லக்கூடாது. ஒவ்வொரு பதிலும் அதுக்குப் போடற தீனி."

அவள் மேசையைத் தூக்கி அவள் மேலேயே போட வேண்டும் போலிருந்தது. அது நோய் இல்லை, நிஜமாகவே ஆத்திரம்.

மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறாள். வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகுமாம். கூடவே பயிற்சி. எதைப் பார்த்து ஓடுகிறேனோ அதன் எதிரில் போய் நிற்க வேண்டும். ஓடக் கூடாது.

ஏப்ரல் 5, சனி

இவரிடமும் சொன்னேன். கேட்டு முடித்தார். எழுந்துபோய்க் குட்டியின் அறை வாசலில் நின்றார். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரே நோய்னுதான் சொல்றாங்க" என்றேன்.

"ம்."

படுக்கப் போகும்முன் அவள் அறைக் கதவை வெளியிலிருந்து கொண்டி போட்டார். ஒரு சின்னச் சத்தம்தான். நெஞ்சில் அறைந்தது மாதிரி இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

மாத்திரை. குமட்டல். மாட்டு ஈரலைப் பார்த்து நானே வாந்தியெடுத்தேன் — கடையே கைகொட்டிச் சிரித்தது.

ஏப்ரல் 19, சனி

இன்றைய பயிற்சி: கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்ல வேண்டும். "நான் குட்டியைக் கொன்றாலும் கொன்றுவிடலாம். யாருக்குத் தெரியும்." திரும்பத் திரும்ப. கூடவே "இல்லை, மாட்டேன்" என்று மனசுக்குள் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

முதல்முறை சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. படங்கள் சும்மா இருக்குமா? வெறிநாய் மாதிரி பாய்ந்தன. கடையில் ஒரு உடம்பை எப்படிப் பிரித்து எடுப்போமோ அந்த வரிசையில், மூட்டு மூட்டாக. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டேன். டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஓடவில்லை. ஓடாமல் நின்றால் அது உச்சிக்கு ஏறும், பிறகு தானாக இறங்கும் என்றாள். இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. செத்துப்போவேன் என்று நினைத்தேன்.

பிறகு எப்போது என்று தெரியாமல், கொட்டாவி வந்தது.

ஆமாம், கொட்டாவி. கொலைகாரிக்குக் கொட்டாவி!

மே 3, சனி

குட்டிக்கு இவர் அளவாகச் சொல்லியிருக்கிறார். "சித்திக்குக் கத்தின்னா பயம் வந்துடுச்சு. பழகிக்கிறாங்க. நீ பக்கத்துல இருந்தா போதும்."

"கறிக்கடையில வேல பாத்துக்கிட்டு கத்திக்கு பயமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேசையில் அவள் கணக்குப் போட்டாள். எதிரில் நான் கேரட் நறுக்கினேன். முதுகெல்லாம் வியர்வை. அவள் தலையைக் குனிந்தபோது பிடரி தெரிந்தது. இங்கே என்றது அது. இங்கேதான், ஒரே போடு. நறுக்கிக்கொண்டே இருந்தேன். துண்டுகள் ஒன்று மலை, ஒன்று மடு. அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே "ஏழு எட்டு எவ்ளோ சித்தி?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை.

மே 10, சனி

கை கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன், கிறுக்கல்தான். நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் தலை வேறு மாதிரி எழுதிவிடும்.

இவர் கடைக்குப் போயிருந்தார். நானும் குட்டியும் மேசையில். நான் பெரிய கத்தியால் பூசணி வெட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம், "குட்டி" என்று கூப்பிடுகிற குரல். குட்டியின் தாய்மாமன். அவள் அம்மாவுக்கு அண்ணன். வெல்டிங் வேலை, கதவகலத்துக்கு ஆள். பெரியவர்கள் வராமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது வீட்டு விதி என்பதால் குட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"இருங்க மாமா, சித்தி கையில கத்தி இருக்கு! வச்சிட்டு வருவாங்க!"

பின்பாதி அவர் காதில் விழவில்லை. தாழ்ப்பாள் மரத்தோடு பெயர்ந்து வந்தது. நான் திரும்பினேன். கத்தி கையில். பிள்ளை பக்கத்தில். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் நான் பார்த்ததுதான் அது.

கத்தியை அப்படியே வெறுங்கையால் பிடித்தார், அலகோடு. மறு கையால் என் மணிக்கட்டை முறுக்கினார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கம். என்னுடையது அதே சத்தம்தான். கூந்தலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். "என் தங்கச்சி புள்ளயடி, என் தங்கச்சி புள்ள!" பூசணி மேலே ரத்தம், மேசை மேலே, கணக்கு நோட்டின் மேலே. குட்டி அவர் முதுகில் தொங்கிக்கொண்டு கடித்தாள், அலறினாள். "விடுங்க மாமா! சித்தி பூசணிக்காதான் வெட்டினாங்க!"

இவர் வந்து பிரித்துவிட்டார். மாமன் தன் கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டு, குட்டியை இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தெருமுனை வரைக்கும் அவள் குரல் கேட்டது.

மே 11, ஞாயிறு

ரத்தம் வந்தது. என் கத்தி. என் கை.

மே 14, புதன்

மாமனுக்கு எப்படித் தெரியும்? கேட்காமலே இவர் சொல்லிவிட்டார். "யார்கிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிடும் போல இருந்துச்சு. மச்சான்கிட்ட ஃபோன்ல சொன்னேன். நோய்னுதான் சொன்னேன், சத்தியமா."

கையில் சிக்கிய தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். அடுத்த தட்டு. அடுத்தது. இடது கையாலேயே. "உங்கள நம்பித்தானய்யா சொன்னேன்! வேற யார்கிட்ட சொல்லுவேன் நான்!" வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். அவர் ஒதுங்கவில்லை. ஒரு சில்லு அவர் புருவத்தைக் கிழித்தது. நின்றார்.

எல்லாம் உடைந்த பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். ஒன்று கவனித்தேன். இவ்வளவு கோபத்திலும் அந்தப் படம் வரவில்லை. கோபத்துக்குச் சூடு இருந்தது, காரணம் இருந்தது, முடிவும் இருந்தது. அந்த நினைப்புக்கு இது எதுவுமே கிடையாது. இத்தனை நாள் இரண்டும் ஒன்று என்றல்லவா நினைத்தேன்.

மே 24, சனி

டாக்டரம்மா மாமனை வரச்சொல்லியிருந்தாள். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். உள்ளங்கையில் தையல். என் கட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னாள். கேட்டுவிட்டு ஒரே கேள்வி.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க கியாரண்டி குடுப்பீங்களா?"

"குடுக்கமாட்டேன். உங்களுக்கும் குடுக்கமாட்டேன், எனக்கும் குடுக்கமாட்டேன். அன்னிக்கு அந்த வீட்ல ஒருத்தர் எலும்ப இன்னொருத்தர் உடைச்சிருக்காங்க. உடைச்சவங்களுக்கு எந்த நோயும் இல்ல."

மாமன் கழுத்து வரை சிவந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"இவங்கள மாதிரி எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். புள்ளையத் தொடக்கூட பயந்து ஒதுங்கினவங்கதான் எல்லாரும். அதுக்கு மேல ஒரு உறுதி வேணும்னு கேட்டுக் கேட்டுத்தான் இவங்க இந்த நெலமைக்கு வந்தாங்க. நீங்களும் ஆரம்பிச்சிடாதீங்க."

அவர் தன் தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "அவ எதிர்ல இருக்கும்போதும் அந்த நெனப்பு வருமா?"

"வரும்."

"அப்படி வரும்போதும் அவளுக்கு சோறு போட்டியா?"

"போட்டேன்."

எழுந்தார். போய்விட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

குட்டி இல்லாத வீட்டில் அது பட்டினி கிடக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஏணியில் நிற்கிற இவரைத் தள்ளிவிடுகிறது. பால் பாக்கெட் போடுகிறவர் கண்ணில் சாவியைக் குத்துகிறது. "பாத்தீங்களா, குட்டி இதுக்கு ஒரு சாக்குதான்" என்றாள் டாக்டரம்மா. மாத்திரையைக் கூட்டியிருக்கிறாள். பயிற்சியை விடக் கூடாது. இடது கையில் கத்தி பிடித்து, ஆளில்லாத நாற்காலிக்கு எதிரில் பூசணி வெட்டுகிறேன்.

நாற்காலியைப் பார்த்தால்தான் அழுகை வருகிறது. கத்தியைப் பார்த்தால் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

இவரிடம் "நான் கெட்டவளா" என்று கேட்கப் போனேன். பாதியில் நிறுத்தி, "நாளைக்கு என்ன சமைக்க?" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மீசைக்குள் சிரித்தார்.

ஜூன் 21, சனி

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்து மெலிந்து கிடக்கிறது.

சாயங்காலம் வாசலில் ட்ரில் மெஷின் சத்தம். போய்ப் பார்த்தால் மாமன், முழங்கால் போட்டு உட்கார்ந்து, பெயர்ந்த தாழ்ப்பாள் இருந்த இடத்தில் புதிதாக ஒன்று பொருத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பையும் கையுமாகக் குட்டி.

"மாமா வீட்ல டிவி ரிமோட்ட யாருக்கும் தரமாட்டாங்க" என்றாள், உள்ளே வந்துகொண்டே. அதற்காகத்தான் திரும்பி வந்த மாதிரி. பிறகு என் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள். அந்த நொடியில் அதுவும் வந்தது, அழைக்காத விருந்தாளி மாதிரி எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்தது. அதைத் தள்ளப் பார்க்கவில்லை. அவளையும் தள்ளவில்லை.

மாமன் தாழைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் அவரை மன்னிக்கிற மனசு இன்னும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். போகும்போது குட்டியின் அறைக் கதவின் வெளிப்பக்கக் கொண்டியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"இது எதுக்கு மாப்பிள்ள? தீ கீ பிடிச்சா புள்ள எப்படி வெளிய வரும்?"

மாமனே அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஜூலை 12, சனி

கடைக்குத் திரும்பிவிட்டேன். "வா வா, உன் ஆடெல்லாம் உன்னத் தேடி அழுதுச்சு" என்றாள் மீனக்கா.

ஆகஸ்ட் 2, சனி

வராத நாள் என்று ஒன்று இல்லை. ஆனால் வந்தால் வேலை நிற்பதில்லை. இன்றைக்கு ரம்பத்தில் என் தலையையே கொடுக்கச் சொன்னது. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விலாவெலும்பைப் போட்டேன். டாக்டரம்மா இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றாள். மாத்திரையை நானாக நிறுத்தினால் தோலை உரித்துவிடுவாளாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாளைக்குப் பள்ளியில் வகுப்பு போட்டோ. இன்றைக்கு இந்தக் கழுதை என்ன செய்தாள் தெரியுமா? கண்ணாடி முன்னால் நின்று தன் முன்முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் புருவம் வரை, இன்னொரு பக்கம் மண்டை வரை. வாஷ்பேசின் முழுக்க முடி.

"அறிவிருக்காடி உனக்கு? ஆசையா வளத்த முடி! ஒரு வார்த்த கேட்டியா? இப்ப போட்டோல குரங்கு மாதிரி நில்லு போ! ஒரு அற விட்டேன்னா தெரியும்!"

வீடு அதிர்ந்தது. என் குரல்தான். இவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். குட்டி வாயைக் கோணிக்கொண்டு அழத் தொடங்கினாள். "நீங்க ரொம்ப கத்துறீங்க!"

"கத்தாம? கொஞ்சுவாங்களா?"

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டு, கத்திரிக்கோலை எடுத்தேன். அவள் நெற்றியை இடது கையால் பிடித்தேன். தலையை ஆட்டினாள், தேம்பினாள், அதற்கு நடுவில் உத்தரவு வேறு: ரொம்ப வெட்டாதீங்க, இந்தப் பக்கம் விடுங்க, கண்ணுல விழுது. கண் என்றதும் அது எட்டிப் பார்த்தது. முனையைக் காட்டியது. "ஆடாதடி" என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

எவ்வளவு முயன்றும் இடது பக்கம் கொஞ்சம் ஏற்றமாகத்தான் நிற்கிறது. காலையில் ஈரம் தொட்டுப் படிய வாரிவிட வேண்டும்.